யோபுவின் மூன்றாம் அதிகாரமும் ‘கருக்கு’ம்

பனைமட்டையின் இரு விளிம்பிலும் அரம்பம்போல் ஓடும் பற்களுக்குக் கருக்கு என்று பெயர். எம்.ரெட்டியபட்டியைச் சுற்றியுள்ள இந்தக் கரிசல் காட்டில் அதை அறியாத குழந்தை இல்லை. விறகுக்கு மட்டை பொறுக்கப் போய்க் கையைக் கிழித்துக்கொள்ளாதவரும் அரிது. அச்சொல்லையே தலைப்பாகக் கொண்டு 1992-இல் வெளிவந்த பாமாவின் நூலைப் பற்றி இத்தனை காலம் கழித்து எழுத முற்படுவதற்கு இலக்கியக் காரணம் ஒன்றும், மேய்ப்புப்பணிக் காரணம் ஒன்றும் உண்டு. பின்னதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் இப்பகுதித் தாய் ஒருவரின் மகன் ‘பயர் ஆபீஸ்’ வெடிவிபத்தில் இறந்துபோனான். பட்டாசுத் தொழிற்சாலை என்று இங்கே எவரும் சொல்வதில்லை. தீப்பெட்டி ஆபீஸ், பயர் ஆபீஸ் என்பதே வழக்கு. வானம் பார்த்த பூமி. கண்மாய் நிறையாத ஆண்டில் மானாவாரி வெள்ளாமையை நம்பி வயிறு வளர்க்க இயலாது. கருவேல முள்ளை வெட்டிக் கரிமூட்டம் போடுவதும், விடியுமுன் வந்து நிற்கும் வேனில் ஏறி வேலைக்குப் போவதுமே எஞ்சிய வழிகள். அப்படி ஏறிப் போனவன் அவன். அடக்கத் திருப்பலியில் நான் யோபுவைப் பற்றி மறையுரை ஆற்றினேன். மக்கள் பத்துப் பேரையும் ஒரே நாளில் இழந்த பின்னும் தந்தவரையே போற்றிப் பணிந்த அந்த நீதிமானை எடுத்துக்காட்டி, இறைவன் தாம் அன்பு செய்கிறவர்களைச் சோதிக்கிறார் என்று முடித்தேன். குரல் தழுதழுத்தது என்றும் நினைவு.

முப்பதாம் நாள் திருப்பலிக்குக் காசு கொடுக்க வந்தார் அந்தத் தாய். கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றார். பிறகு கேட்டார்: “அப்ப அந்த மொதலாளிய ஆண்டவருக்குப் பிடிக்காதா சாமி?”

அதில் கேலி இல்லை. அறிந்துகொள்ள வேண்டியே கேட்டார். சோதனை அன்பின் அடையாளம் என்றால், சோதனையே வராதவர்மீது இறைவனுக்கு அன்பில்லை என்றுதானே ஆக வேண்டும்? நான்காண்டு இறையியல் பயின்ற எனக்கு விடை வரவில்லை. “செபம் பண்ணுங்கம்மா” என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அன்றிரவு ‘கருக்கு’ நூலைத் தேடி எடுத்தேன்.

அந்நூலை நான் முதலில் வாசித்தது 1990-களின் நடுவில், குருமட மாணவனாக இருந்தபோது. செய்தித்தாள் அட்டை போட்டுக் கைமாறி வந்த பிரதி அது. எங்களிற் பலர் அதைத் துறவறத்தில் மனம் நொந்து வெளியேறிய ஒருவரின் குறைப்பட்டியல் என்றே தீர்ப்பிட்டோம். பின்னாளில் நான் சொந்தமாக வாங்கிய பிரதியின் ஓரத்திலும் பென்சிலால் என் கையெழுத்தில் ஒரு குறிப்பு இருக்கிறது: நன்றி மறந்த பேச்சு. முப்பதாம் நாள் இரவில் அந்தப் பக்கத்தைத் திருப்பியபோது என் முகத்தை நானே பார்க்கக் கூசியது.

பாமா நம் விருதுநகர் மாவட்டத்துக்காரர். மேற்கே மலையடிவாரத்திலுள்ள வத்திராயிருப்புப் பக்கத்துப் புதுப்பட்டியில் பிறந்தவர். நம்மூருக்கு இல்லாத மலையும் ஓடையும் அவ்வூருக்கு உண்டு. அந்த அழகைச் சொல்லித்தான் நூலே தொடங்குகிறது. ஆனால் அழகைச் சொல்லி முடித்த கையோடு தெருக்களை எண்ணத் தொடங்கிவிடுகிறார். எந்தத் தெரு யாருடையது. அஞ்சலகமும் கடைகளும் பள்ளியும் கோவிலும் எந்தப் பக்கம் நிற்கின்றன. எந்தப் பக்கத்தார் எந்தப் பக்கம் போவதே இல்லை. இந்த எண்ணிக்கையில் ஒரு சினச்சொல்லும் கிடையாது. இயற்கை வருணனையும் சாதி வரைபடமும் ஒரே மூச்சில் வருகின்றன என்பதுதான் அதன் வலிமை.

நூலின் அமைப்பைப் பற்றி ஒரு சொல். தன்வரலாறு என்றால் பிறப்பு, கல்வி, பணி, துறவு, வெளியேற்றம் என்று ஒழுங்காகச் செல்லும் என எதிர்பார்ப்போருக்கு இது குழப்பம் தரும். ஒவ்வோர் அதிகாரத்திலும் ஆசிரியர் குழந்தைப் பருவத்துக்கே திரும்பிப் போகிறார். ஒருமுறை உழைப்பின் வழியாக, ஒருமுறை விளையாட்டின் வழியாக, ஒருமுறை கோவிலின் வழியாக, ஒருமுறை படிப்பின் வழியாக அதே வாழ்வைக் கடக்கிறார். இதைக் கட்டுக்கோப்பின்மை எனக் குறை கூறிய திறனாய்வாளர் உண்டு. எனக்கோ இது செபமாலை உருட்டும் பழக்கம் உள்ள ஒரு மனத்தின் இயல்பான நடையாகவே தோன்றுகிறது. மணிகள் அவையே, தியானிக்கும் மறைபொருள்தான் மாறுகிறது. ஆசிரியர் எண்ணிச் செய்தாரா என்பது வேறு. இருபதாண்டுக்கு மேல் கத்தோலிக்கச் சூழலில் வளர்ந்த ஒருவரின் நினைவு அப்படித்தான் சுழலும்.

காட்சிகளில் மூன்று என்னை விட்டு அகல்வதில்லை. பெரியவர் ஒருவர் வடைப் பொட்டலத்தைக் கை படாமல் நூலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போகிறார். சிறுமிக்கு அது சிரிப்பாக இருக்கிறது. நிலவுடைமையாளர் உண்ணப்போகும் பண்டத்தை இவர் தொட்டால் தீட்டு என்பதை அண்ணன் விளக்கிய பிறகே அந்தச் சிரிப்பு அடங்குகிறது. இரண்டாவது, பாட்டி. வேலை செய்த வீட்டில் மிஞ்சிய சோற்றை வாங்கி வந்து, அவர்களே நமக்குப் படியளக்கும் மகராசர்கள் என்று நம்புகிறவர். மூன்றாவது, கல்லறைத் தோட்டத் தகராற்றை ஒட்டிக் காவல்துறை தெருவுக்குள் நுழைந்தபின் நடப்பது. ஆண்கள் எல்லாரும் ஊரைவிட்டு ஓடி ஒளிந்திருக்கிறார்கள். அவ்வேளையில் ஒரு சிறுவன் இறந்துபோகிறான். பெற்ற தகப்பன் சேலை உடுத்திப் பெண்வேடத்தில் வந்து மகனை அடக்கம் செய்துவிட்டு மறைகிறான். புனித வெள்ளி மறையுரைக்கு எத்தனையோ உவமைகளை நாம் தேடியலைகிறோம். சேலைக்குள் முகம் மறைத்து மகனைப் புதைக்கும் இந்தத் தகப்பனை எந்தப் பீடத்திலிருந்தும் நான் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.

இனி என் வாதத்துக்கு வருகிறேன். இது விசுவாசம் இழந்த நூல் அன்று. விசுவாசத்தைக் காத்துக்கொண்ட நூல். நாம் அதைத் தவறாக வாசித்ததற்குக் காரணம், யோபு நூலையே நாம் தவறாக வாசித்துப் பழகியதுதான்.

யோபு நூலில் 42 அதிகாரங்கள் உள்ளன. பொறுமையின் சிகரமாக நாம் போற்றும் யோபு முதல் இரண்டு அதிகாரங்களில் மட்டுமே இருக்கிறார். மூன்றாம் அதிகாரத்தில் வாய் திறக்கிறவர் வேறு மனிதர். தாம் பிறந்த நாளைச் சபிக்கிறார். தமக்கு வழக்கு வேண்டும் என்கிறார். இறைவனையே எதிர்நின்று கேள்வி கேட்கிறார். அவரைத் தேற்ற வந்த நண்பர் மூவரும் பேசுவது நாம் அடக்க வீடுகளில் பேசுவதையேதான்: குற்றமின்றித் தண்டனை வராது, பொறுத்துக்கொள், பணிந்து போ. நூலின் முடிவில் இறைவன் சினம் கொள்வது யோபுமீது அன்று, இறைவனுக்காக வாதாடிய இந்த நண்பர்கள்மீது. தம்மைக் குறித்துச் சரியானவற்றைப் பேசியவன் யோபுவே என்று அவர் தீர்ப்பளிக்கிறார். குருமடத்தில் இதைத் தேர்வுக்கு எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். மேடை ஏறியதும் மறந்துவிட்டேன்.

மறந்தவன் நான் ஒருவன் மட்டும் அல்லன் என்பதற்கு வாசக ஒழுங்கும் சான்று. ஞாயிறு வாசகங்களின் மூன்றாண்டுச் சுழற்சியில் யோபு நூல் வருவது இரண்டே முறை. இரண்டும் ‘ஆ’ ஆண்டின் பொதுக்காலத்தில், ஐந்தாம் ஞாயிறிலும் பன்னிரண்டாம் ஞாயிறிலும். மூன்றாம் அதிகாரம் இரண்டாண்டுக்கு ஒருமுறை ஒரு வாரநாளில் வந்துபோகும். அன்று கோவிலில் இருப்போர் ஐந்தாறு பேர். கூலிவேலைக்குப் போகிற எவரும் அந்த ஐந்தாறில் இல்லை.

பாமாவின் நூல் மூன்றாம் அதிகாரத்தில் நின்றுகொண்டு பேசுகிறது. சிறுவயதில் அவருக்குக் கற்பிக்கப்பட்ட மறைக்கல்வி அச்சத்தால் ஆனது. பாவங்களைக் கணக்கெழுதும் பேயின் கதைகளால் ஆனது. அதன்மேல் வளர்ந்த பக்தியைக் கொண்டு அவர் துறவற சபையில் சேர்கிறார். ஏழைகளுக்காகத் தொடங்கப்பட்ட சபை என்று நம்பிப் போனவர், அங்கே வசதி படைத்தோரின் பிள்ளைகளுக்கே பணிவிடை நடப்பதைக் காண்கிறார். தம் சாதிப் பெண்களைச் சேர்த்துக்கொள்ளத் தயங்கும் சபைகளும் உண்டு என்பதைப் பயிற்சிக் காலத்திலேயே அறிகிறார். ஏழாண்டுக்குப் பின் 1992-இல் வெளியேறுகிறார். இத்தனைக்கும் பிறகு அவர் விவிலியத்தை மூடிவைக்கவில்லை என்பதைத்தான் முதல் வாசிப்பில் நான் காணத் தவறினேன். ஒடுக்கப்பட்டோர் பக்கம் நின்ற இயேசுவை, அநீதி கண்டு சினந்த இயேசுவை, தமக்கு எவரும் காட்டித் தராத இயேசுவை அவர் தாமே நற்செய்தியில் கண்டடைகிறார். தாழ்ச்சியையும் கீழ்ப்படிதலையும் மட்டும் போதித்தவர்களோடுதான் அவருக்கு வழக்கு. இறைவனோடு வழக்கு இல்லை. விட்டுப்போனவர் இப்படி வாதாடுவதில்லை. அவர் தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விடுவார்.

தமிழ்க் கிறித்தவ இலக்கியத்தில் சோதனைகளைக் கடக்கும் விசுவாசிக்கு நாம் காட்டும் முன்மாதிரி எச்.ஏ. கிருஷ்ணபிள்ளையின் ‘இரட்சணிய யாத்திரிகம்’. பனியனின் பயணக் கதையைத் தழுவி 1894-இல் வெளிவந்த அக்காவியத்தில் விசுவாசி ஊரைத் துறந்து, சுற்றத்தைத் துறந்து வான்நகர் நோக்கி நடக்கிறான். பாமாவின் பயணம் எதிர்த்திசையில் நிகழ்கிறது. பளிங்குத் தரையும் மூவேளை உணவும் உள்ள இல்லத்திலிருந்து அவர் தம் தெருவுக்குத் திரும்புகிறார். அந்தப் பக்கம்தான் ஆண்டவர் இருக்கிறார் என்று நம்பித் திரும்புகிறார். காவிய யாத்திரிகனுக்கு வழிகாட்டிகள் உண்டு. இவருக்கு வேலையும் இல்லை, கையில் காசும் இல்லை.

நூலின் குறையையும் சொல்லாமல் விடுவது திறனாய்வு ஆகாது. முதற்பகுதியில் பேச்சுமொழி ஆடுகிறது, பாடுகிறது, கிண்டலடிக்கிறது. பாட்டி, கூலிப்பெண்கள், விளையாடும் சிறுவர்கள் எல்லாரும் முகத்தோடு வருகிறார்கள். கன்னியர் மடத்துக்குள் போனதும் முகங்கள் மறைந்துவிடுகின்றன. “அவர்கள்” என்ற ஒரு சொல்லுக்குள் எல்லாக் கன்னியரும் அடங்கிப்போகிறார்கள். உரைநடையும் அறிக்கையின் நடையாகிவிடுகிறது. அடிமைத்தனத்தை ஏற்றுக்கொண்ட பாட்டியை மறுத்துக்கொண்டே நேசிக்கத் தெரிந்த அந்தக் கலைமனம், தன்னைப் புண்படுத்திய கன்னியரில் ஒருவரையேனும் அவ்வாறு பார்த்திருக்கலாம். மாலை மங்கிய பின்னும் குடிசை குடிசையாக ஏறி இறங்கும் அருட்சகோதரிகளை இந்தக் காட்டிலேயே நான் அறிவேன். ஆனால் இதை எழுதும்போதே ஒரு தயக்கம். காயத்தின் ஈரம் உலருமுன் எழுதிய நூலிடம் சமநிலை கேட்பது எலிப்பாசின் வேலையோ, என்னவோ.

திருச்சபைக்கு எதிரான நூல் என்று இதை ஒதுக்கியோருக்கு ஒன்று நினைவூட்டலாம். 2003 நவம்பர் 17 அன்று தமிழக ஆயர்களைச் சந்தித்தபோது திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், கிறித்தவர்களிடையே சாதிப் பாகுபாட்டின் சாயல் இருப்பதுகூட உண்மையான தோழமைக்கு எதிர்ச்சாட்சி எனக் கண்டித்தார். 2016 டிசம்பரில் இந்திய ஆயர் பேரவை தலித் மக்களின் மேம்பாட்டுக்கான கொள்கை அறிக்கையையே வெளியிட்டு, திருச்சபைக்குள் இக்குறை உண்டென ஒப்புக்கொண்டது. 1992-இல் ஒரு பெண் தனியாகச் சொன்னபோது நாம் அதற்கு நன்றி மறந்த பேச்சு என்று பெயர் சூட்டியிருந்தோம்.

இன்னொன்றும் நெஞ்சில் நிற்கிறது. 2022 மே 15 அன்று புனிதராக உயர்த்தப்பட்ட மறைசாட்சி தேவசகாயம், சொத்தும் கால்நடையும் அழிந்து கலங்கியிருந்த நாளில் டச்சுத் தளபதி டிலனாய் சொல்லக் கேட்டது யோபுவின் கதையைத்தான் என்பது மரபு. 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றார். 1752-இல் ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். எல்லாச் சாதியாரோடும் வேறுபாடின்றிப் பழகியது அவர்மீது எழுந்த வெறுப்புக்கு ஒரு காரணம். அவர் பெயரோடு ஒட்டியிருந்த சாதிப் பட்டத்தைப் புனிதர்நிலை அறிவிப்பில் திருச்சபை நீக்கிவிட்டது. யோபுவைக் கேட்டவர் பொறுத்துக்கொண்டு வீட்டில் இருந்துவிடவில்லை என்பதை நாம் கவனித்தோமா?

அந்தத் தாயின் மகனுக்கு முதலாமாண்டு நினைவுத் திருப்பலி வந்தது. இறந்தோர் திருப்பலி வாசகங்களில் யோபுவின் 19-ஆம் அதிகாரத்துக்கு இடம் உண்டு; மூன்றாம் அதிகாரத்துக்கு இல்லை. ஆகவே வாசகமாக 19-ஆம் அதிகாரத்தை வைத்துக்கொண்டு, மறையுரை நேரத்தில் விளக்கம் ஏதும் சொல்லாமல் மூன்றாம் அதிகாரத்தை முழுவதும் நிதானமாக வாசித்தேன். முன்வரிசையில் இருந்த பெண்கள் முந்தானையைச் சரிசெய்வதை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். வாசித்து முடித்தபின் எனக்குப் பேச ஒன்றும் இல்லை. விசுவாச மன்றாட்டுக்குப் போய்விட்டேன்.

திருப்பலி முடிந்து உடைமாற்றும் அறைக்கு அவர் வந்தார். முதலாளியைப் பற்றிய கேள்வியை அவர் மறந்திருக்கவில்லை. அவர் கண்ணில் அது அப்படியே இருந்தது. ஆனால் கேட்டது வேறு.

“இம்புட்டு நாளா இத ஏஞ்சாமி வாசிக்கல?”