கிளியும் அன்னமும்: பௌதிக வகுப்பின் புள்ளிக் கணக்கு

மாணாக்கரைத் தரம் பிரித்தல் தமிழர்க்குப் புதிதன்று. நன்னூலாசிரியர் பவணந்தியார் அன்னமும் பசுவும் போன்றாரை முதல் மாணாக்கர் என்றும், மண்ணும் கிளியும் போன்றாரை இடை மாணாக்கர் என்றும், ஓட்டைக் குடம், ஆடு, எருமை, நெய்யரி போன்றாரைக் கடை மாணாக்கர் என்றும் வகுத்தார். இப்பகுப்பில் இரண்டு நுட்பங்கள் உள. சொன்னதையே சொல்லும் கிளிக்கு முதலிடம் இல்லை என்பது ஒன்று. ஒரு வகுப்பில் இத்தனை அன்னங்களே இருக்கலாம் என்ற வரையறை இல்லை என்பது மற்றொன்று. பல்கலைக்கழகப் பௌதிக வகுப்புகள் இவ்விரண்டையும் மறந்துவிடுவதுண்டு.

ஸ்ரீ கெம்பாங்கானை அடுத்த செர்டாங்கில் 1931இல் விவசாயப் பள்ளியாகத் தோன்றிய நிலையம், 1971இல் பல்கலைக்கழகமாகி, 1997இல் புத்ரா பல்கலைக்கழகம் என்று பெயர் பெற்றது. இத்தகைய உயர்கல்விக் கூடங்களை நோக்கித் தோட்டப்புறத்துப் பிள்ளைகளும் வருகின்றனர். தமிழ்ப்பள்ளியில் தொடங்கி, மலாய்மொழி இடைநிலைப் பள்ளியைக் கடந்து, ஆங்கிலப் பாடநூலின்முன் அமரும் மாணவன் முதல் தேர்வில் தாழ்ந்த தரம் பெற்றால், “பௌதிகம் எனக்கு வராது” என்றே முடிவு கட்டிவிடுகிறான். அத்தரம் எதை அளந்தது என்று கேட்பாரில்லை. கேட்க வேண்டுவது அதுவே.

ஒரு கல்லை நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் செங்குத்தாக எறிந்தால் அது எவ்வளவு உயரம் செல்லும்? புவியீர்ப்பு முடுக்கத்தை 10 என்று கொண்டால், 20 மீட்டர் என்று சூத்திரத்தில் இட்டுச் சொல்லிவிடலாம். உச்சியில் கல் ஒரு கணம் நிற்கும்போது அதன்மீது செயற்படும் விசை யாது? காற்றின் தடையை நீக்கி நோக்கினால், கல்லின் எடை ஒன்றே விசை. ஆயினும் முதல் வினாவுக்குப் பிழையின்றி விடை எழுதியவரே இரண்டாவதற்கு “விசை இல்லை” என்று எழுதக் காணலாம். வேகம் சுழியானால் விசையும் சுழி என்பது அவர் மனத்தில் ஊறிய எண்ணம். சூத்திரம் அதைத் தொடவேயில்லை.

ஹார்வர்டுப் பேராசிரியர் எரிக் மசூர் 1990ஐ ஒட்டி இதனைத் தம் வகுப்பிலேயே கண்டார். வழக்கமான கணக்குகளில் நற்புள்ளி பெற்றவர்கள், அடிப்படைக் கருத்தைச் சோதிக்கும் எளிய வினாக்களில் இடறினர். அவர் மாணவரைப் பழிக்கவில்லை. கற்பிக்கும் முறையை மாற்றினார். ரிச்சர்ட் ஹேக் 1998இல் வெளியிட்ட ஆய்வு 62 வகுப்புகளையும் 6,542 மாணவரையும் உட்கொண்டது. விரிவுரையை மட்டும் நம்பிய வகுப்புகள் பெறக்கூடிய முன்னேற்றத்தில் சராசரியாக 23 விழுக்காடே பெற்றன. மாணவர் தம்முள் ஆராய்ந்து பேசிக் கற்ற வகுப்புகள் 48 விழுக்காடு பெற்றன. கிளிக்கு அன்னத்தின் பரிசை வழங்கும் தேர்வு, ஆசிரியரையும் சேர்த்தே ஏமாற்றுகிறது.

இனி, தரம் வழங்கும் கொள்கை. அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் 2004இல் பாட வகுப்புகளில் ஏ தரம் 35 விழுக்காட்டுக்கு மேற்படலாகாது என்று நெறி வகுத்தது. தரங்கள் மலிந்து மதிப்பிழக்கின்றன என்ற கவலை நியாயமானதே. ஆனால் அடுத்தவன் தோற்றால்தான் தனக்கு உயர்வு என்று எண்ணும் மாணவன் தோழனுக்கு ஐயம் தீர்ப்பானா? 2014இல் அந்நெறி கைவிடப்பட்டது. மறுமுனையில், கனடாவின் ஒட்டாவா பல்கலைக்கழகப் பௌதிகப் பேராசிரியர் டெனிஸ் ரான்கோர், தரம் கல்விக்குத் தடை என்று கருதி, ஒரு வகுப்பில் அனைவர்க்கும் மிக உயர்ந்த தரம் அளிக்க முற்பட்டார்; 2009இல் பதவி இழந்தார். முன்னது அளவுகோலைச் சுருக்கியது. பின்னது அளவுகோலையே எறிந்தது.

நம் நாட்டு எஸ்.டி.பி.எம். தேர்வு 2012 முதல் மூன்று பருவங்களாகப் பிரிக்கப்பட்டது. பௌதிகத்தில் முதற்பருவம் இயக்கவியலும் வெப்பமும், அடுத்து மின்னியல், இறுதியில் அலை, ஒளி, நவீன பௌதிகம். முதலிரு பருவத் தாள்களை மீண்டும் எழுத வாய்ப்புண்டு. இது வரவேற்கத்தக்கது. தொடக்கத்தில் 40 புள்ளியும் முடிவில் அதே பாடத்தில் 80 புள்ளியும் பெற்றவனைச் சராசரி கண்டு 60 என்பது, அவன் முன்பு அறியாதிருந்ததற்கு இன்றும் தண்டம் விதிப்பதாகும். ஆயினும் பருவம் முடிந்தவுடன் இயக்கவியலை மூட்டைகட்டி வைக்கும் மனப்போக்கு வளர்ந்தால், இவ்வாய்ப்பும் பயனற்றதாகும்.

நல்லாசிரியனுக்கு நிலம், மலை, மலர் ஆகியவற்றோடு நிறைகோலையும் நன்னூல் உவமை கூறுகிறது. நிறைகோலின் ஒரு தட்டில் சரக்கு. மறு தட்டில் எடைக்கல். பக்கத்துக் கடைச் சரக்கை எடைக்கல்லாக வைப்பாரில்லை. எடைக்கல்லை மறைத்து நிறுப்பவனை நாணயமான வணிகன் என்பாருமில்லை. பௌதிக ஆசிரியர் முதல் நாளிலேயே தம் எடைக்கல்லை மாணவர்க்குக் காட்டிவிடவேண்டும்: எதை விளக்கத் தெரியவேண்டும், எதைக் கணிக்கத் தெரியவேண்டும், விடைக்கு எவ்வளவு, வழிமுறைக்கு எவ்வளவு, காரணத்துக்கு எவ்வளவு என்று. அதன்பின் நிறுத்தால், குறைந்த எடை கண்ட மாணவனும் தான் நிரப்பவேண்டியது எவ்வளவு என்றறிந்து உழைப்பான். “எனக்கு வராது” என்று எழுந்து போகமாட்டான்.