சாம்பியன் இருந்த ஊர்

தேசிய ஃபுட்பால் லீகில் புது சீசன் வருகிறது என்று பேச்சு எழும்போதெல்லாம் எனக்கு உக்கடத்தில் ஒரு டீக்கடை ஞாபகம் வரும். பாலக்காட்டு பஸ்கள் போகிற வழியில் இருக்கிறது. கடைக்காரருக்கு ஃபுட்பால் பற்றி ஒன்றும் தெரியாது. கடைக்கு வருகிற பையன்களுக்கோ அதைத் தவிர வேறெதுவும் தெரியாது. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் போனால் பிரேசிலும் அர்ஜென்டினாவும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து போண்டா தின்றுகொண்டிருக்கும். போர்ச்சுகல் கடன் சொல்லிவிட்டுப் போகும்.

சமீபத்தில் அங்கே ஒரு பரீட்சை வைத்துப் பார்த்தேன். அர்ஜென்டினா சட்டை போட்ட பையன், வயது பதினாறு இருக்கும். "தம்பி, இந்தியாவோட தேசிய லீகில் நம்ம கோயமுத்தூர் ஒரு தடவை சாம்பியன் ஆச்சு, தெரியுமா?" என்றேன்.

"சும்மா கலாய்க்காதீங்ணா."

போனை எடுத்துத் தேடினான். ஒரு நிமிஷம் கழித்து, "சென்னைனு போட்டிருக்குங்ணா" என்றான், பொய்யைப் பிடித்துவிட்ட சந்தோஷத்தில்.

அவன் மேல் தப்பில்லை. அணியின் பெயர் சென்னை சிட்டி எஃப்.சி. ஆடியதும் ஜெயித்ததும் கோயமுத்தூர் நேரு ஸ்டேடியத்தில். சென்னையில் ஐ.எஸ்.எல்.லின் சென்னையின் எஃப்.சி. ஏற்கெனவே இருந்ததால் இவர்கள் மேற்கே குடிவந்தார்கள். பெயர்ப்பலகையை மட்டும் மாற்றவில்லை. சொந்தப் பெயரில் பத்திரம் எழுதாத வீடு மாதிரி. ஊருக்குப் பெருமை கிடைத்தது, பெயர் கிடைக்கவில்லை.

அந்தக் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். உங்களில் பல பேருக்கு அப்படி ஒன்று நடந்ததே தெரிந்திருக்காது.

2018-19 ஐ-லீக். முந்தைய சீசனில் அட்டவணையின் அடிப்பக்கத்தில் மூச்சுத் திணறிய அணி அது. அக்பர் நவாஸ் என்ற சிங்கப்பூர்க்காரர் பயிற்சியாளராக வந்தார். பெத்ரோ மான்சி, நெஸ்டர், சாண்ட்ரோ, எஸ்லாவா என்று ஸ்பெயின் லீகின் கீழ்த்தட்டுகளில் ஆடிய, விலை கட்டுப்படியாகிற ஆட்களைப் பிடித்துவந்தார்கள். அவர்களோடு நம்மூர்ப் பையன்கள்: எட்வின் சிட்னி வான்ஸ்பால், ரொமாரியோ ஜேசுராஜ், மைக்கேல் ரெஜின். பந்தை உயரத் தூக்கியடித்துவிட்டு வானத்தைப் பார்க்கிற பழைய இந்திய ஆட்டம் இல்லை. காலுக்குக் கால் சின்னச் சின்னதாகத் தள்ளி, கோலிடம் கூட்டிப் போகிற ஆட்டம். மான்சி அந்த சீசனில் 21 கோல் போட்டார்.

கடைசி நாள் 2019 மார்ச் 9. சென்னை சிட்டிக்கு 40 புள்ளி, ஈஸ்ட் பெங்காலுக்கு 39. ஒரே நேரத்தில் இரண்டு மைதானங்கள். இங்கே நேரு ஸ்டேடியத்தில் மினர்வா பஞ்சாப் எதிரணி. பாலக்காட்டுக் கணவாய்க்கு அந்தப் பக்கம் கோழிக்கோட்டில் கோகுலம் கேரளாவோடு ஈஸ்ட் பெங்கால். நான் இங்கே இருந்தேன். மூன்றாவது நிமிஷத்திலேயே மினர்வா கோல் போட்டுவிட்டது. கிழக்கு கேலரியில் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர் ஒரு கையில் கடலைப் பொட்டலமும் காதில் போனுமாக, கோழிக்கோட்டில் இருந்த மச்சானிடம் ஸ்கோர் கேட்டபடியே இருந்தார். பாதி நேரம் வரை மைதானத்தில் பந்தைவிட அந்தப் போனைத்தான் நாங்கள் அதிகம் கவனித்தோம்.

56-வது நிமிஷம் மான்சியின் பெனால்டி. 69-ல் கௌரவ் போரா ஒன்று. கடைசியில் அவரே இன்னொன்று. 3-1. கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால் 2-1 என்று ஜெயித்தது, பிரயோசனமில்லை. 43-க்கு 42. ஒரே ஒரு புள்ளி. கடலைப் பொட்டலக்காரர் முன்பின் தெரியாத என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "ஏனுங்க, நாம இந்தியாவுலயே முதலாவதுங்களா?" என்று இரண்டு தடவை கேட்டார். ஆமாங்க என்று இரண்டு தடவை சொன்னேன்.

அடுத்த மாதம் சூப்பர் கப். புவனேஸ்வரத்தில், அந்த வருஷ ஐ.எஸ்.எல். சாம்பியனான பெங்களூரு எஃப்.சி.யை இதே அணி 2-1 என்று தோற்கடித்தது. அதாவது பணக்கார லீகின் சாம்பியனை ஏழை லீகின் சாம்பியன் நேருக்கு நேர் ஜெயித்தார். சுவிட்சர்லாந்தின் எஃப்.சி. பாசல் கிளப் அதற்கு முன்பே, பிப்ரவரியில், இந்த அணியில் 26 சதவிகிதப் பங்கு வாங்கியிருந்தது. இனிமேல் கோயமுத்தூர் இந்திய ஃபுட்பாலின் ஒரு தலைநகரம் என்று நான்கூட ஒரு நண்பரிடம் பீற்றிக்கொண்டேன். (அவர் இன்றும் அதை மறக்கவில்லை.)

பிறகு நடந்தது சீக்கிரம் சொல்லிவிடக்கூடியது. 2019 அக்டோபரில் கோலாலம்பூரில் கூடிப் பேசி, ஐ.எஸ்.எல்.தான் நாட்டின் முதல் லீக், ஐ-லீக் இரண்டாவது என்று முடிவானது. சாம்பியனான ஏழே மாதத்தில் நம் அணி இரண்டாம் வகுப்புக்கு இறக்கப்பட்டது. 2019-20 சீசன் கொரோனாவில் பாதியில் நின்றது. 2020-21 முழுக்க மேற்கு வங்கத்தில், பூட்டிய மைதானங்களில். 2021-22 லீகில் சென்னை சிட்டி என்ற பெயரே இல்லை. அப்புறமும் வரவில்லை.

மூன்று வருஷம் ஆகவில்லை, ஸ்வாமி. சாம்பியன் காணாமல் போய்விட்டார். காணவில்லை என்று விளம்பரம் கொடுக்கக்கூட ஆள் இல்லை.

இது கோயமுத்தூருக்கு மட்டும் நடந்த அநியாயம் என்றால் நான் உள்ளூர்க் குறையாக எழுதிவிட்டுப் போய்விடுவேன். பழைய சாம்பியன் பட்டியலை எடுத்துப் பாருங்கள். 1996-97-ல் தேசிய ஃபுட்பால் லீக் ஆரம்பித்தபோது முதல் சாம்பியன் பஞ்சாபின் பக்வாராவைச் சேர்ந்த ஜே.சி.டி. நம்மூர் மாதிரியே ஒரு மில்லின் அணி. 2011-ல் கலைக்கப்பட்டது. 2005-06 சாம்பியன் மஹிந்திரா யுனைடெட், 2010-ல் மூடப்பட்டது. கோவாவின் சல்காவ்கர், ஐந்து முறை பட்டம் வென்ற டெம்போ, இரண்டும் 2016-ல் லீகைவிட்டு விலகின. டெம்போ ஐ-லீகுக்குத் திரும்பிவர 2024 ஆயிற்று. மற்ற தேசங்களில் தோற்ற அணிகள் கீழே போகும். இங்கே ஜெயித்த அணிகள் மேலேயே போய்விடுகின்றன, பரலோகத்துக்கு.

ஆகவே, புது சீசன் என்று அறிவிப்பு வரும்போது பத்திரிகைகள் எழுதுகிற "யார் ஜெயிப்பார்கள்?" கட்டுரைகள் எனக்கு அலுத்துவிட்டன. எந்த வெளிநாட்டு ஸ்ட்ரைக்கர் வருகிறார், ஜெர்சியின் காலர் என்ன நிறம், எந்த நடிகர் கேலரியில் கையசைப்பார். இதெல்லாம் டிரெய்லர். இந்திய லீகைப் பற்றிக் கேட்கவேண்டிய கேள்வி, இந்த அணிகளில் எத்தனை மூன்று வருஷம் கழித்து உயிரோடிருக்கும் என்பதுதான். அதற்கு பதில் ஃபிக்ஸ்சர் பட்டியலில் இருக்காது. மைதானம் யாருடையது, மாநகராட்சியோடு எத்தனை வருஷ ஒப்பந்தம், பதின்மூன்று வயது அணிக்குக் கோச் யார், சம்பளம் எந்தத் தேதி வருகிறது போன்ற ருசியில்லாத சங்கதிகளில் இருக்கிறது.

ஐ.எஸ்.எல். மேல் எனக்குத் தனிப்பகை கிடையாது. 2014-ல் அது வந்த பிறகுதான் நம் ஃபுட்பாலை டி.வி.யில் கண் கூசாமல் பார்க்க முடிந்தது. புல் பச்சையாக இருந்தது. சென்னையின் எஃப்.சி. இரண்டு தடவை கோப்பை வென்றபோது நானும்தான் கை தட்டினேன். ஆனால் அது அடிப்படையில் மேலிருந்து கீழே இறக்கிவைத்த வீடு. கட்டணம் கட்டினால் கதவு திறக்கும், நன்றாக ஆடினால் திறக்காது. ஐ-லீகை ஜெயித்த அணி அந்த ஒரே காரணத்துக்காக மேலே ஏறலாம் என்ற விதியில் முதலில் ஏறியது 2022-23 சாம்பியனான பஞ்சாப் எஃப்.சி. நாலு வருஷம் முன்னதாக இந்த ஏணியைப் போட்டிருந்தால் நம் கதை வேறாக இருந்திருக்குமோ என்னவோ. நிச்சயமாகச் சொல்லமாட்டேன். ஏணி இருந்தால் ஏறுகிறவனுக்குக் கடன் கொடுக்கவாவது ஆள் வந்திருக்கும்.

மேலிருந்து கட்டிய வீட்டின் கதி என்ன என்பது 2025-ல் எல்லோருக்கும் தெரிந்துபோனது. ஃபுட்பால் சம்மேளனம் 2010-ல் ரிலையன்ஸ் தரப்போடு போட்ட 15 வருஷ ஒப்பந்தம் 2025 டிசம்பரில் முடிகிறது என்று காலண்டர் வைத்திருக்கும் யாருக்கும் தெரியும். கடைசி வரை புதுப்பிக்கவில்லை. ஜூலையில் சீசனை நிறுத்திவைக்கிறோம் என்றார்கள். சில கிளப்புகள் சம்பளத்தை நிறுத்தின. விஷயம் சுப்ரீம் கோர்ட் வரை போனது. லீகை நடத்த டெண்டர் விட்டார்கள். உலகத்தில் அதிக ஜனத்தொகை உள்ள நாட்டின் முதல் ஃபுட்பால் லீகுக்கு ஒருவர்கூட விண்ணப்பம் போடவில்லை. கடைசியில் அரசாங்கம் தலையிட்டு, 2026 பிப்ரவரி 14 அன்று, காதலர் தினமாகப் பார்த்து, ஆரம்பித்துவைத்தது. 14 அணிகள், ஒருவரையொருவர் ஒரே தடவை சந்திக்கும் 91 ஆட்டங்கள். வீட்டிலும் வெளியிலும் ஆடுவதுதான் லீக். இது கல்யாணத்துக்குப் பதில் ரிசப்ஷன்.

அதற்கு முந்தைய ஐ-லீகைக் கேட்காதீர்கள். 2024-25 சீசனின் சாம்பியன் சர்ச்சில் பிரதர்ஸ் என்று ஏப்ரலில் அறிவித்தார்கள். வழக்கு சுவிட்சர்லாந்தில் இருக்கும் விளையாட்டு நடுவர் மன்றம் வரை போய், ஜூலையில், இல்லை, இன்டர் காசிதான் என்று தீர்ப்பானது. கோல் போடுவதற்கு ஒருவர், வழக்குப் போடுவதற்கு ஒருவர் என்று அணியில் இரண்டு ஸ்ட்ரைக்கர் வேண்டும் போலிருக்கிறது.

வேறு மாதிரியும் நடந்திருக்கிறது. 2016-17 சாம்பியன் அய்ஜால் எஃப்.சி. அதற்கு முந்தைய சீசனில் கீழே இறங்கி, அதிர்ஷ்டவசமாகத் திரும்ப எடுத்துக்கொள்ளப்பட்ட அணி. கோப்பை வென்ற பிறகு அவர்களுக்கும் மேல்மாடிக் கதவு திறக்கவில்லை. ஆனால் அவர்கள் காணாமல் போகவில்லை. 2012-லிருந்து மிசோரம் பிரீமியர் லீக் என்று ஒன்று அவர்கள் ஊரில் இருக்கிறது. உள்ளூர் அணிகள், உள்ளூர் டி.வி., உள்ளூர் ஜனம். மேலே கூரை பறந்தாலும் கீழே தரை இருந்தது. கேரளத்தில் 2024-ல் சூப்பர் லீக் கேரளா என்று தங்களுக்கென ஆறு அணிகள் வைத்து ஆரம்பித்தார்கள். முதல் கோப்பை கோழிக்கோட்டுக்காரர்களுக்கு, காலிகட் எஃப்.சி.க்கு.

கோயமுத்தூருக்கு இது தெரியாத வித்தையா என்றால், அதுதான் வேடிக்கை. இதே ஊரில் பி.எஸ்.ஜி. கோப்பை என்று அகில இந்திய பேஸ்கட்பால் போட்டி அரை நூற்றாண்டைத் தாண்டி நடக்கிறது. ரயில்வேயும் ராணுவமும் வந்து ஆடிவிட்டுப் போகும். ஊர்க்காரர்கள் சாப்பாட்டை முடித்துவிட்டுக் குடும்பத்தோடு போய்ப் பார்ப்பார்கள். யாரும் அதற்கு டிரெய்லர் விடுவதில்லை. ஒரு நிர்வாகம், ஒரு மைதானம், வருஷா வருஷம் தவறாத பழக்கம். ஃபுட்பால் விஷயத்தில் நாம் அந்தப் பழக்கத்தை உண்டாக்கிக்கொள்ளவில்லை. வந்த அணியை விருந்தாளியாகப் பார்த்தோம். கைதட்டினோம், கோப்பையோடு செல்ஃபி எடுத்துக்கொண்டோம். விருந்தாளி கிளம்பினபோது வாசல்வரைகூட வரவில்லை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அந்த அணி காணாமல் போனதை நான் தெரிந்துகொண்டதே ஒரு வருஷம் கழித்து.

இதில் நஷ்டப்படுவது நீங்களோ நானோ இல்லை. கன்னியாகுமரிக் கடற்கரையில் இரவிபுத்தன்துறையிலிருந்து வந்த மைக்கேல் சூசைராஜ், 2017-18-ல் சென்னை சிட்டிக்கு ஆடி, அந்த லீகின் சிறந்த மிட்ஃபீல்டர் விருது வாங்கி, அங்கிருந்துதான் ஐ.எஸ்.எல்.லுக்குப் போனார். எட்வினும் ரொமாரியோவும் அதே படியில் ஏறினவர்கள். மூன்று வருஷத்தில் மூன்று பேர் ஏறிய படி அது. இப்போது கோயமுத்தூரில் அந்தப் படி இல்லை.

டீக்கடைப் பையனுக்கு இதையெல்லாம் சொன்னேன். 2019 மார்ச்சில் நேரு ஸ்டேடியத்தில் நான் எடுத்த மங்கலான போட்டோவையும் காட்டினேன். ரொம்ப நேரம் விரலால் பெரிசாக்கி, ஸ்டேடியத்தின் கூரையை வைத்து அடையாளம் கண்டுபிடித்தான்.

"இங்கயாங்ணா? இங்க நான் ஸ்கூல் ஸ்போர்ட்ஸ் டேக்கு ஓடிருக்கேன்."

"நீ என்ன பொசிஷன்?"

"லெஃப்ட் விங். செலக்‌ஷனுக்கு எங்கண்ணா போறது?"

எனக்குத் தெரிந்த பதில் ஒன்றுதான். அதை நான் சொல்வதற்குள் கடைக்காரர் கிளாஸ் கழுவிக்கொண்டே, "அதான் எதிர்ல நிக்குதே பாலக்காட்டு பஸ்ஸு" என்றார். பையன் சிரித்தான். பிறகு நிஜமாகவே எழுந்துபோய், கோழிக்கோட்டுக்கு டிக்கெட் எவ்வளவு ஆகும் என்று கண்டக்டரிடம் கேட்டுவிட்டு வந்தான்.