காதில்லாத மேடை

2022 ஆகஸ்டில் எம்டிவி தன் ஆண்டு விருதுகளில் புதிதாக ஒரு பிரிவைச் சேர்த்தது: மெட்டாவெர்ஸில் நடந்த சிறந்த இசை நிகழ்ச்சி. பரிசு கொரியாவின் பிளாக்பிங்க் குழுவுக்குப் போனது, பப்ஜி மொபைல் விளையாட்டுக்குள் நடந்த ‘தி வர்ச்சுவல்’ நிகழ்ச்சிக்காக. அரியானா கிராண்டே, பிடிஎஸ், ஜஸ்டின் பீபர் எனப் போட்டியில் இருந்தவர்களும் சாமானியர்கள் இல்லை. பரிசு பெற்ற அந்த நிகழ்ச்சியில் நான்கு பெண்களும் ரசிகர்கள் முன் பாடவில்லை. முன்பே தயாரித்த அனிமேஷன் உருவங்கள் ஆடின, முன்பே பதிவான பாட்டு ஒலித்தது. அதை நல்ல அனிமேஷன் என்று பாராட்டியிருந்தால் எனக்கு ஆட்சேபமே கிடையாது. கச்சேரி என்று பாராட்டிவிட்டார்கள்.

அந்த ஒரு விருதோடு இது முடியவில்லை. இசைக்கலைஞருக்கு அடுத்த மேடை மெய்நிகர் உலகம்தான் என்ற வாதத்தை இன்னமும் பலர் உற்சாகமாகச் சொல்கிறார்கள். வாதத்துக்கு முதுகெலும்பு எண்ணிக்கை. 2020 ஏப்ரலில் டிராவிஸ் ஸ்காட் ஃபோர்ட்நைட்டில் தோன்றிய முதல் காட்சியில் மட்டும் ஒரே நேரத்தில் 1.23 கோடிப் பேர் இருந்தார்கள். அதே ஆண்டு டிசம்பர் 31 இரவு, பிரெஞ்சு இசைக்கலைஞர் ழான்-மிஷேல் ழார் மெய்நிகர் நோத்ர-தாம் தேவாலயத்துக்குள் வாசித்ததை 7.5 கோடிப் பேர் பார்த்ததாக ஏற்பாட்டாளர்கள் கணக்குச் சொன்னார்கள். எந்த மைதானம் இத்தனை பேரைத் தாங்கும் என்று கேட்கிறார்கள். எதுவும் தாங்காதுதான். ஆனால் ஃபோர்ட்நைட்டுக்கு ஹெட்செட்டே வேண்டாம், அது கைப்பேசியிலும் டிவியிலும் ஆடுகிற ஆட்டம். ழாரின் நிகழ்ச்சியையும் மிகப் பெரும்பாலோர் சாதாரணத் திரையில்தான் பார்த்தார்கள். கூட்டத்தைச் சொல்லும்போது தட்டைத் திரைக் கணக்கை எடுப்பதும், அனுபவத்தைச் சொல்லும்போது ஹெட்செட்டுக்குத் தாவுவதும் இந்தத் துறையின் வழக்கமாகிவிட்டது.

நல்லதையும் சொல்லிவிட வேண்டும். படியேற முடியாதவர், கூட்டத்துக்குள் போக முடியாதவர், டிக்கெட்டுக்கும் விமானத்துக்கும் வழியில்லாதவர், இவர்களுக்கெல்லாம் இது திறந்துவிட்ட கதவு சிறியதில்லை. பியோர்க் 2015-இல் ‘ஸ்டோன்மில்கர்’ பாட்டுக்கு ஐஸ்லாந்துக் கடற்கரையில் எடுத்த 360 பாகைக் காணொளியில் அவர் நம்மைச் சுற்றி நடந்தபடி பாடுகிறார். அவ்வளவு நெருக்கத்தை எந்த அரங்கமும் தந்ததில்லை. ஏ.ஆர். ரஹ்மான் இயக்கிய ‘லே மஸ்க்’ 2022-இல் கான் நகரில் காட்டப்பட்டபோது, அசையும் நாற்காலியும் வாசனையும் இசையோடு சேர்ந்து வந்தன. ரியூச்சி சகாமோட்டோ இறப்பதற்கு முன் பதிவு செய்துகொடுத்த ‘ககாமி’, அவர் போன பிறகு 2023 ஜூனில் நியூயார்க்கில் அரங்கேறியது. ரசிகர்கள் விசேஷக் கண்ணாடி அணிந்து, பியானோ வாசிக்கும் அவருடைய உருவத்தைச் சுற்றி நடந்து கேட்டார்கள். மூன்றையும் தயங்காமல் கலை என்பேன். மூன்றும் செய்து முடித்துக் கையில் கொடுத்த படைப்புகள். அப்படித்தான் தங்களை அறிவித்துக்கொண்டன.

என் ஆட்சேபம் ஒன்றே ஒன்று. பல வருடங்களாக அதைத்தான் சொல்லிவருகிறேன். இந்த மேடையில் பாடுகிறவருக்கு, கேட்கிறவர்களின் சத்தம் கேட்பதில்லை.

படம் தெளிவில்லை, ஹெட்செட் கனக்கிறது, தலை சுற்றுகிறது என்ற குறைகளைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். அவை தீர்ந்துகொண்டே வருகின்றன, நாளை முழுவதும் தீர்ந்துவிடும். நான் சொல்லும் குறை படம் எவ்வளவு தெளிந்தாலும் அப்படியே இருக்கும். நம் கச்சேரியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் தோடி பாடுகிறார். மேல் ஸ்தாயியில் ஒரு பிடி விழுந்ததும் முன்வரிசையில் யாரோ ‘ஆஹா’ என்கிறார். பாடகர் அதே இடத்துக்கு இன்னொரு வழியாகத் திரும்பி வருகிறார். வயலின்காரர் அதைப் பிடித்துக்கொள்கிறார். இரண்டு நிமிடத்தில் முடிந்திருக்க வேண்டிய கட்டம் நாலு நிமிடம் நிற்கிறது. சபை அசையாமல் இருந்தால் அதே பாடகர் சட்டென்று கிருதிக்குப் போய்விடுவார். அன்றைய தோடியின் நீளத்தை அந்த அறையும் சேர்ந்துதான் தீர்மானிக்கிறது. ராக் இசைக்கும் ஜாஸுக்கும் இது பொருந்தாது என்று யாரும் சொல்ல முடியாது. அங்கே சத்தம் இன்னும் கூடுதல், அவ்வளவுதான்.

இந்தச் சத்தத்தை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்பதை 2020 மார்கழியில் சென்னையே பார்த்தது. சபாக்கள் கச்சேரிகளைப் பதிவு செய்து இணையத்தில் விட்டன. வேறு வழி இருக்கவில்லை. செய்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கக்காரர் கோர்வையை முடித்து சமத்தில் இறங்கும் இடத்தைக் கவனித்தவர்களுக்குத் தெரியும். இறங்குகிறார், எதிரே காலி நாற்காலிகள். பாடகரே ‘பேஷ்’ என்று சொல்லி அந்த வெற்றிடத்தை மூட வேண்டியிருந்தது. அந்த சீசனைத் தற்காலிகத் தவிப்பு என்று எல்லோரும் ஒப்புக்கொண்டோம். மெய்நிகர் மேடையை ஆதரிக்கிறவர்கள் அதே வெற்றிடத்தைத்தான் எதிர்காலம் என்று விற்கிறார்கள்.

டிராவிஸ் ஸ்காட் விஷயத்துக்கு வருவோம். மலை உயரத்தில் அவருடைய உருவம் தீவின் மேல் நடக்கிறது, ரசிகர்கள் கடலுக்கடியில் நீந்துகிறார்கள், வானத்தில் பறக்கிறார்கள். கண்ணுக்கு விருந்து என்பதில் சந்தேகமே இல்லை. சுமார் பத்து நிமிடம். அது மூன்று நாட்களில் ஐந்து முறை காட்டப்பட்டது, ஐந்து முறையும் ஒன்றுபோல. இரண்டாவது காட்சிக்கு வந்தவர்கள் வேறு மனநிலையில் இருந்திருக்கலாம், வேறு நாட்டுக்காரர்களாக இருந்திருக்கலாம், ஒருவருமே வராமல்கூட இருந்திருக்கலாம். பாட்டில் ஒரு மாத்திரை மாறியிருக்காது.

ரசிகர் பங்கேற்கிறாரே, அவரும் நிகழ்ச்சியை மாற்றுகிறாரே என்பார்கள். 2020 ஆகஸ்டில் வேவ் நிறுவனமும் டிக்டாக்கும் சேர்ந்து தி வீக்எண்ட் பாடகருக்கு ஒரு மெய்நிகர் நிகழ்ச்சி நடத்தின. அவருடைய அவதார் ஒரு தேரையை நக்க வேண்டுமா வேண்டாமா என்று ரசிகர்களிடம் வாக்குக் கேட்டார்கள். ரசிகருக்குக் கொடுக்கப்பட்ட அதிகாரம் இத்தகையது. படத்தில் ஒரு காட்சியை அவர்கள் மாற்றலாம்; பாட்டைத் தொட முடியாது. பறக்கும் இதயங்களும் மினுக்கும் ஸ்மைலிகளும் பாடகரை எட்டுவதில்லை. எட்டினாலும் அவர் அவற்றை வைத்து என்ன செய்வார்? இதயப் படம் ஒருவர் மனமுருகியும் அனுப்புவது, பொழுது போகாமலும் அனுப்புவது. மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஆயிரம் பேரின் நிசப்தத்துக்கு இந்த ஏற்பாட்டில் பொத்தானே கிடையாது.

ழார் இதில் தனி ரகம், அவரைத் தனியாகத்தான் சொல்ல வேண்டும். அன்று இரவு அவர் நிஜமாகவே வாசித்தார். பாரிஸில் ஒரு ஸ்டுடியோவில் தன் சிந்தசைசர்களுக்கு நடுவே நின்று வாசிக்க, அவருடைய அவதார் 2019 ஏப்ரலில் தீக்கிரையான அந்தத் தேவாலயத்தின் மெய்நிகர் வடிவத்துக்குள் நின்றது. கை தவறியிருந்தால் உலகம் கேட்டிருக்கும். அந்தத் துணிச்சலை மதிக்கிறேன். ஆனால் இவர் யார்? 1979 ஜூலை 14 அன்று பாரிஸ் கான்கார்ட் சதுக்கத்தில் பத்து லட்சம் பேர் முன் வாசித்தவர். அத்தனை பேர் எழுப்பும் ஓசை என்ன செய்யும் என்று அவருக்குத் தெரிந்த அளவுக்கு உலகில் வெகு சிலருக்கே தெரியும். அவருக்கே இந்தத் தொழில்நுட்பம் திருப்பிக் கொடுக்க முடிந்தது ஒரு ஸ்டுடியோ அறையின் அமைதியைத்தான்.

ஏன் முடியவில்லை என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும், ஏனென்றால் ‘நாளைக்குச் சரியாகிவிடும்’ என்ற பதில் எப்போதும் தயாராக இருக்கிறது. அவர் வாசித்த விஆர்சாட் தளத்தில் ஓர் அறைக்கு எண்பது பேர் என்பதுதான் உச்சவரம்பு. கூட்டம் அதிகமானால் அதே அறைக்கு நகல் எடுத்து நகல் எடுத்துத் திறக்க வேண்டும். ஃபோர்ட்நைட்டும் கூட்டத்தை இப்படித்தான் சிறு சிறு குழுக்களாகப் பிரிக்கிறது. கோடிப் பேர் கூடினார்கள் என்றால், ஒருவரையொருவர் காணாத ஆயிரமாயிரம் சிறு கும்பல்கள் ஒரே ஒளிபரப்பைப் பார்த்தன என்று அர்த்தம். அத்தனை அறைகளின் சத்தத்தையும் கலந்து கலைஞருக்கு அனுப்புவது யாருடைய வேலைப் பட்டியலிலும் இல்லை. வசவும் கூச்சலும் வரும் என்று பயந்து பெரிய நிகழ்ச்சிகளில் ரசிகரின் மைக்கை அணைத்தே வைக்கிறார்கள். கூட்டம் பெருகப் பெருக, கலைஞரின் காது இன்னும் இறுக அடைபடுகிறது.

இதற்கு மேல் தாமதம். காற்றில் ஒலி ஒரு மீட்டர் கடக்க ஏறக்குறைய 3 மில்லிவிநாடி எடுக்கும். பத்து மீட்டர் தள்ளி நிற்கும் இருவர் தாளம் பிசகாமல் வாசிக்கத் திணறுவதற்கு அதுவே காரணம். ஸ்டான்ஃபோர்டில் கிறிஸ் சேஃப் இணையவழி இசை வாசிப்பைப் பல ஆண்டுகள் சோதித்துப் பார்த்தவர். தாமதம் 25, 30 மில்லிவிநாடியைத் தாண்டினால் ஒருவருக்காக ஒருவர் காத்திருந்து காலப்பிரமாணம் இழுபடத் தொடங்கிவிடும் என்பதே இத்தகைய சோதனைகள் காட்டுவது. கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்கு 2 லட்சம் கிலோமீட்டர் ஓடுகிறது. சென்னைக்கும் லண்டனுக்கும் நேர்கோட்டிலேயே 8,000 கிலோமீட்டருக்கு மேல். ஒரு வழிக்கே 40 மில்லிவிநாடி போய்விட்டது. எந்தக் கம்பெனியும் ஒளியின் வேகத்தைக் கூட்டப்போவதில்லை. கைதட்டலுக்கு இவ்வளவு துல்லியம் தேவையில்லை என்று ஒருவர் சொல்லலாம், ஓரளவு நியாயம். ஆனால் ஒளிபரப்பாகப் போகும் பெரிய நிகழ்ச்சியில் தாமதம் விநாடிக் கணக்கில் வரும். பல்லவி முடிந்ததற்கு எழுந்த ஆரவாரம், சரணம் பாதியில் இருக்கும்போது வந்து சேர்ந்தால் அது பாடகருக்கு இடைஞ்சல்.

பியானோ கலைஞர் க்ளென் கூல்டைக் காட்டி மடக்கப் பார்ப்பார்கள். அவர் 1964-இல் கச்சேரியை விட்டார், ரசிகர் கூட்டத்தையே வெறுத்தார், மேதையாக இல்லையா? இருந்தார். ஆனால் அவர் ஸ்டுடியோவுக்குப் போய் இசைத்தட்டு செய்தார், அதை இசைத்தட்டு என்றே வெளியிட்டார். பீட்டில்ஸ் உதாரணம் இன்னும் பொருத்தமானது. 1966 ஆகஸ்ட் 29 அன்று சான் ஃபிரான்சிஸ்கோவின் கேண்டில்ஸ்டிக் பார்க் மைதானத்தில் வாசித்ததோடு அவர்கள் சுற்றுப்பயணத்தை நிறுத்தினார்கள். ரசிகைகளின் அலறலில் தங்கள் வாத்தியமே தங்களுக்குக் கேட்கவில்லை என்பது ஒரு முக்கியக் காரணம். 2014 ஆகஸ்டில் அதே மைதானத்தை மூடும் முன் பால் மெக்கார்ட்னி அங்கே வந்து பாடினார். அந்தக் கச்சேரியில் ஒரு பாட்டை ஜான்ட் நிறுவனம் ஹெட்செட்டுக்காகப் பதிவு செய்தது. இந்தத் துறையின் ஆரம்பகால வெற்றிகளில் ஒன்று அது. நன்றாக இருந்தது. ஏன் நன்றாக இருந்தது? அங்கே மெக்கார்ட்னி முன்னால் ஒரு மைதானம் நிறைய மனிதர்கள் நின்று கத்திக்கொண்டிருந்தார்கள்.

2025 மார்ச்சில் ஆப்பிள் தன் விஷன் ப்ரோ ஹெட்செட்டுக்கு வெளியிட்ட மெட்டாலிகா கச்சேரியும் இதே கதைதான். படத் தெளிவு அபாரம், டிரம்ஸின் அருகிலேயே நிற்பதுபோல் இருக்கும். ஆனால் அது மெக்சிகோ நகரத்தில் டிக்கெட் வாங்கி வந்து நின்ற கூட்டத்தின் முன் நடந்தது. பாடகர் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டின் முகத்தில் தெரிகிற வெறி அந்தக் கூட்டம் ஏற்றியது. இந்தத் தளத்தின் ஆகச் சிறந்த படைப்புகள் இப்படி நிஜ ரசிகர்கள் வியர்வை சிந்திச் சேர்த்த சூட்டை இரவல் வாங்கிக்கொண்டு வருகின்றன. வந்த பிறகு, நிஜக் கூட்டம் இனி தேவையில்லை என்ற வாதத்துக்கு அவற்றையே சாட்சி சொல்ல வைக்கிறார்கள். இதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

இந்த மேடையில் எனக்கு நம்பிக்கை தரும் ஒரே இடம் சின்ன அறைகள். விஆர்சாட்டுக்குள் டிஜேக்கள் நடத்தும் கிளப்புகளில் முப்பது நாற்பது பேர் ஹெட்செட்டும் உடல் சென்சாருமாக ஆடுகிறார்கள். டிஜேக்கு அவர்கள் தோள் குலுங்குவது தெரிகிறது, மைக் திறந்திருந்தால் குரலும் கேட்கிறது. ஒலி ஒரு விநாடியோ சில விநாடிகளோ பிந்தித்தான் போகிறது, இருந்தாலும் இங்கே ஒரு பேச்சுவார்த்தை நடக்கிறது. எம்டிவியின் அந்தப் பரிசுப் பட்டியலில் இத்தகைய அறை ஒன்றுகூட இல்லை. நாற்பது பேர் கணக்கை வைத்துக்கொண்டு விளம்பரதாரரிடம் போக முடியாதே.

அதனால், ஒப்பந்தத்தோடு வரும் நிறுவனத்திடம் இசைக்கலைஞர்கள் எத்தனை கோடிப் பேர் பார்ப்பார்கள் என்று கேட்பதை விட்டுவிட்டு, என் காதுக்குள் என்ன வரும் என்று கேட்கட்டும். யாருடைய சத்தம், எத்தனை பேருடையது, எவ்வளவு நேரம் கழித்து? ஒரு நூறு பேரின் மைக்கையாவது திறந்துவைப்பீர்களா? அவர்கள் சலித்தால் எனக்குத் தெரியுமா, தெரிந்தால் பாட்டை மாற்ற விடுவீர்களா? இன்று மோஷன் கேப்சர் உடையை மாட்டிக்கொண்டு காமிராக்களுக்கு நடுவே ஒருவர் பாடும்போது அவர் காதில் விழுவது தாளத்தைத் தட்டிக்காட்டும் கிளிக் டிராக்கும், அடுத்து எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று சொல்லும் தயாரிப்பாளரின் குரலும்தான்.