மயில் கழுத்துக் கண்ணாடி மேசை

எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் சரி, செருப்பைக் கழற்றின கையோடு அவர்களை உள்ளறைக்கு இழுத்துக்கொண்டு போய்விடுகிறேன். கேஸ் சிலிண்டர் கொண்டுவந்த பையனைக்கூட விடவில்லை. “தம்பி, இதைக் கொஞ்சம் பாரேன், எப்படி இருக்கு?” என்றேன். “சூப்பரா இருக்குக்கா, புதுசா வாங்கினீங்களா?” என்றான். அதற்குமேல் எனக்கு என்ன வேண்டும்! எழுபது வயசு தாண்டின மேசை. புதுசாம்!

என் பாட்டியின் கண்ணாடி மேசை அது. மேலே முட்டை வடிவக் கண்ணாடி, கீழே அகலமாக ஒரு பலகை, இரண்டு பக்கமும் மூன்று மூன்று இழுப்பறைகள், அவற்றுக்குப் பித்தளைக் குமிழ். பாட்டி கல்யாணத்துக்குச் செய்தது என்று அம்மா சொல்வாள். அந்தக் கணக்குப்படி அது சென்னை மாகாணத்தில் பிறந்து, 1953இல் ஆந்திர மாநிலத்துக்குப் போய், 1956இல் ஆந்திரப் பிரதேசத்து மேசையாகி, 1960 ஏப்ரல் 1 அன்று மறுபடி சென்னை மாநிலத்துக்குத் திரும்பி, 1969இல் தமிழ்நாட்டு மேசை ஆனது. இத்தனைக்கும் திருத்தணியில் அதே தெருவை விட்டு ஓரடி நகரவில்லை! ம.பொ.சி. வடக்கெல்லைக்காகப் போராடிக்கொண்டிருந்தபோது பாட்டி அதன் முன்னால் உட்கார்ந்து தலை வாரிக்கொண்டிருந்திருப்பாள். கீழ் இழுப்பறையின் அடியில் ஒட்டியிருந்த காகிதம் தெலுங்கு, சென்னையிலிருந்து வெளிவந்துகொண்டிருந்த ‘ஆந்திர பத்திரிகா’. அதன்மேல் ஒட்டியிருந்தது தமிழ்ப் பத்திரிகை. சுரண்டி எறிய மனசு வரவில்லை. அந்த இழுப்பறையின் உள்பக்கத்தை மட்டும் அப்படியே விட்டுவிட்டேன்.

கண்ணாடி பெல்ஜியம் கண்ணாடி என்று வீட்டில் எல்லோரும் சத்தியம் செய்கிறார்கள். நம் ஊரில் எந்தப் பழைய கண்ணாடிதான் பெல்ஜியத்திலிருந்து வரவில்லை!

பல வருஷமாக அது மாடிப்படிக்கு அடியில் கிடந்தது. ஒருகாலத்தில் யாரோ அடித்த பச்சை, அதன்மேல் வேறு யாரோ அடித்த காப்பிக் கலர், இரண்டும் பொரிந்து உதிர்ந்துகொண்டிருந்தன. பழைய சாமான் எடுக்கிறவர் வந்து பார்த்து விறகு விலை சொன்னார். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், இதற்கு நானே பெயின்ட் அடிப்பது என்று.

தேக்கின் மேல் பெயின்ட் அடிக்கலாமா? இதைக் கேட்காத ஆளே இல்லை. ஆடிக்கொண்டிருந்த காலைச் சரிசெய்ய வந்த ஆசாரி அண்ணனுக்கு முகமே சுருங்கிவிட்டது.

“ஏம்மா, தேக்கு ரேகையைப் போயி யாராவது மூடுவாங்களா?”

“முன்பக்கம் மட்டுந்தானேண்ணே தேக்கு. பக்கத்துப் பலகையைத் தட்டிப் பாருங்க.”

தட்டினார். மாமரம். முதுகுப் பலகை வேம்பு. ஒரு இழுப்பறை பிற்பாடு எப்போதோ செய்து சேர்த்தது, அது பிளைவுட்.

“அப்போ சரி, அடிங்க. ஆனா கலரு மட்டும் நல்லதாப் பாத்து வாங்கும்மா. ஆபீஸ் பீரோ மாதிரி ஆக்கிடாத.”

அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. முழுக்கத் தேக்கோ தோதகத்தியோ என்றால் நானும் பெயின்ட் பக்கம் போயிருக்க மாட்டேன். அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத் துணியால் தேய்த்துத் தேய்த்து ஏற்றும் பிரெஞ்சு பாலிஷ்தான் அதற்கு அழகு. ஆனால் நாலு மரம் கலந்த சாமானுக்குப் பாலிஷ் போட்டால் ஒட்டுப்போட்ட இடமெல்லாம் பல்லைக் காட்டும். நாலையும் ஒரே மேசையாக்க பெயின்ட்டால்தான் முடியும். மரத்துக்கு வர்ணம் பூசுவதே துரோகம் என்று பேசுகிறவர்கள் ஆடிக் கிருத்திகைக்கு எங்கள் மலைக்கு வந்து காவடிகளைப் பார்க்கட்டும். விஜயவாடா பக்கத்துக் கொண்டபல்லி பொம்மையும் கர்நாடகத்துச் சன்னபட்டணப் பொம்மையும் என்னவாம்? வர்ணம் பூசின மரம்தானே? நவராத்திரிக்கு அவற்றைக் கொலுப் படியில் வைத்துக் கொண்டாடவில்லையா?

வேலையில் பாதி பெயின்ட் டப்பாவைத் திறப்பதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. என்னைக் கேட்டால் அந்தப் பாதிதான் தேவாமிர்தம். முதலில் கண்ணாடியைக் கழற்றிப் போர்வையில் சுற்றிப் பத்திரப்படுத்தியாயிற்று. குமிழ்களைக் கழற்றிப் புளிக்கரைசலில் ஊறப்போட்டேன். பிறகு சோப்புத் தண்ணீர். எழுபது வருஷத்துத் தேங்காயெண்ணெய், குங்குமம், விபூதி, பவுடர் எல்லாம் கறுப்புத் தண்ணீராக ஓடியது. எண்ணெய்ப் பிசுக்கின் மேல் எவ்வளவு விலையுயர்ந்த பெயின்ட்டும் நிற்காது. தேக்குக்குள்ளேயே இயற்கையாக எண்ணெய் உண்டு என்பதால் அந்தப் பகுதியைக் கடைசியில் தின்னர் நனைத்த துணியால் இன்னொரு தடவை துடைக்க வேண்டும்.

ஒன்றை அழுத்திச் சொல்லிவிடுகிறேன், விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பழைய பெயின்ட்டில், அதுவும் பளிச்சென்ற மஞ்சள், பச்சை, சிவப்பில், ஈயம் இருக்கலாம். வீட்டு பெயின்ட்டில் ஈயம் பத்து லட்சத்துக்கு 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று நம் நாட்டில் விதி வந்ததே 2016இல்தான். அது நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில். அதற்கு முந்தின பெயின்ட்டை, பாட்டி காலத்துப் பச்சையை, நம்பவே கூடாது. காய்ந்தபடியே தேய்த்தால் தூள் மூச்சில் போகும், வீடெல்லாம் படியும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியையே அது கெடுக்கும். அதனால் மொட்டைமாடியில் வைத்து, மாஸ்க் போட்டுக்கொண்டு, வாட்டர் பேப்பரை நனைத்து நனைத்துத்தான் தேய்த்தேன். வந்த சேற்றை உலரவிடாமல் துணியால் வழித்துப் பையில் போட்டுக் கட்டிவிட்டேன். வீட்டில் கைக்குழந்தையோ கர்ப்பிணியோ இருந்தால் இந்த வேலையை வீட்டுப் பக்கமே வைத்துக்கொள்ள வேண்டாம்.

பழைய பெயின்ட் முழுக்கப் போன பிறகு உப்புத்தாள். 80ஆம் நம்பரில் ஆரம்பித்து, 120, பிறகு 220. நம்பர் ஏற ஏறத் தாள் நைசாகும். ரேகை ஓடும் திசையில் மட்டும் தேய்க்க வேண்டும், குறுக்கே தேய்த்தால் கீறல் பெயின்ட்டுக்கு அடியிலிருந்தும் தெரியும். அந்தத் தேய்ப்பு இருக்கிறதே, கை வலிக்கும், மனசுக்கு அப்படி ஒரு சுகம்! கறுப்புக்கு அடியிலிருந்து தேன் நிறத்தில் தேக்கு எட்டிப் பார்த்தபோது கீழே இருந்த அம்மாவைக் கத்திக் கூப்பிட்டேன். முட்டிவலியை மறந்து மாடி ஏறி வந்தாள். “அடியே, மரமாடி இது!” என்றாள்.

ஆணிப்பொத்தல்களைத் தேய்த்துக் கிடைத்த தேக்குத்தூளைப் பெவிகாலில் குழைத்து அடைத்தேன். பெரிய பள்ளத்துக்குப் பட்டி. வெள்ளை உட் பிரைமர் ஒரு கோட் அடித்ததும் தேக்குப் பகுதியில் மட்டும் பழுப்பாகக் கறை மேலே கசிந்து வந்தது. மரத்துக்குள் இருக்கும் சாயச்சத்து அது. அதன்மேல் இன்னும் பத்து கோட் பிரைமர் அடித்தாலும் ஊறி வரலாம். அரக்கு ஒரு பூச்சு கொடுத்தால் கப்பென்று நின்றுவிடும். அரக்குப் பூச்சி மரக்கிளையில் கக்கி வைக்கும் பிசின், ஜார்க்கண்ட் காடுகளிலிருந்து வருவது, எங்கள் வீட்டுத் தேக்கின் வாயை அடைத்த அதிசயத்தை நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறேன்.

கலருக்கு வருவோம். பெயின்ட் என்றாலே எனக்குக் கட்டூதான், ஆர்.கே. லக்ஷ்மண் 1954இல் ஏஷியன் பெயின்ட்ஸுக்கு வரைந்து கொடுத்த, கையில் பிரஷ்ஷும் டப்பாவுமாக நிற்கும் அந்த வாண்டுப்பயல். அவன் காலத்தில் கடையில் இருந்த கலரைத்தான் வாங்கியாக வேண்டும். இப்போது ஷேட் கார்டைக் காட்டினால் மெஷின் சொட்டுச் சொட்டாகச் சாயம் விட்டுக் கலந்து கொடுக்கிறது. நான் கார்டைப் பார்க்கவில்லை. பாட்டியின் மயில் கழுத்துப் பட்டு ரவிக்கையை எடுத்துக்கொண்டு போய்க் கடைக்காரர் முன்னால் விரித்தேன். முருகன் ஊரில் மயில் கழுத்து இல்லாமல் வேறென்ன கலர்! காகிதம் ஒட்டின இழுப்பறை தவிர மற்றவற்றின் உள்ளே மஞ்சள், நல்ல கிழங்கு மஞ்சள்.

எடுத்தது எனாமல். இப்போது எல்லோரும் சாக் பெயின்ட் என்கிறார்கள். இங்கிலாந்தில் ஆனி ஸ்லோன் 1990இல் கொண்டுவந்தது, அதிகம் தேய்க்காமலே அடிக்கலாம், சுண்ணாம்பு பூசின சுவர்போல மங்கலாக அழகாகத்தான் இருக்கும். ஆனால் அதன்மேல் மெழுகு பூசிக் காப்பாற்ற வேண்டும். குங்குமமும் எண்ணெயும் தினம் சிந்தும் நம் வீட்டு மேசைக்கு எனாமல்தான் ராஜா. ஈரத்துணியால் ஒரு துடை, தீர்ந்தது.

கெட்டியாக ஒரே கோட்டில் முடித்துவிட ஆசை வரும். கூடாது. மெல்லிசாக இரண்டு கோட், நடுவில் ஒரு ராத்திரி முழுக்கக் காய வேண்டும், 320 தாளால் ஒரு தடவு தடவ வேண்டும். எனாமல் மேலே சீக்கிரம் காய்ந்துவிடும். உள்ளே காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகுவதற்கு ஒரு வாரத்துக்கு மேல் ஆகும், அதுவரை மேலே ஒரு பவுடர் டப்பாகூட வைக்கக் கூடாது. காலமும் முக்கியம். கோடையில் தமிழ்நாட்டிலேயே அதிக வெயில் என்று வானிலைச் செய்தியில் அடிக்கடி பேர் வாங்கும் ஊர் இது. அந்த வெயிலில் பிரஷ்ஷை இழுக்கும்போதே பெயின்ட் காய்ந்து கோடு கோடாக நிற்கும். ஆடியில் காற்று புழுதியைக் கொண்டுவந்து ஒட்டும். ஐப்பசி ஈரத்தில் காயவே காயாது. தை, மாசி காலை வேளைதான் சரி.

எல்லாம் முடிந்து, புளியில் பளபளத்த குமிழ்களைத் திருகிக் கண்ணாடியை மாட்டியபோது, ஐயோ, எப்படிச் சொல்வேன்! வெளிச்சம் ஒரு பக்கம் பட்டால் நீலம், இன்னொரு பக்கம் பட்டால் பச்சை. இழுப்பறையைத் திறந்தால் மஞ்சள் குபீரென்று சிரிக்கிறது. கண்ணாடியின் ஓரத்தில் ரசம் போன கறுப்புப் புள்ளிகளை அப்படியே விட்டிருக்கிறேன், அது பாட்டியின் வயசு. நகரியிலிருந்து வந்த அத்தை சுற்றிச் சுற்றி வந்து, “ரங்கு சால பாகுந்தி” என்று தெலுங்கில் பாராட்டிவிட்டு, தன் வீட்டுத் தொட்டிலுக்கும் அடித்துத் தர முடியுமா என்று தமிழில் கேட்டாள்.

மொத்தச் செலவு 2,000 ரூபாய்க்குள். அந்தக் காசுக்குக் கடையில் துகள்பலகையில் செய்த ஸ்டூல் வரும், அதுவும் ஒரு மழைக்கு ஊதிவிடும். உங்கள் வீட்டுப் பரணிலும் மாடிப்படிக்கு அடியிலும் கிடக்கும் மர சாமானைத் தயவுசெய்து எடைக்குப் போட்டுவிடாதீர்கள். தை பிறந்ததும் கீழே இறக்குங்கள். கடைக்குப் போகும்போது உப்புத்தாளை மட்டும் நினைத்ததைவிட இரண்டு மடங்கு வாங்கிக்கொள்ளுங்கள்.