கத்யூஷா: ஒரு பெயரும் அதன் படிகளும்

ருஷ்ய நாவல்களைப் பாதியில் மூடிவைத்துவிடும் எமது வாசகர் பலர் சொல்லும் காரணம் ஒன்றுதான்: “ஒரே ஆளுக்கு எத்தனை பெயர்!” இச்சிரமத்தை நீக்குவதாக எண்ணி, எல்லாப் பெயர்களையும் ஒன்றாக்கிவிடும் மொழிபெயர்ப்பாளரும் உளர். அது வாசகருக்குச் செய்யும் உதவியன்று; நாவலுக்கு இழைக்கும் அநீதி. 1899இல் வெளிவந்த டோல்ஸ்டோயின் ‘புத்துயிர்ப்பு’ இதற்குத் தக்க சான்று.

கத்தெரீனா என்பது ருஷ்யாவில் சாதாரணமான பெண்பெயர். நெருங்கியோர் மத்தியில் அது காத்யா. கொஞ்சலில் காத்தென்கா. காத்கா என்பதில் ஒரு முரட்டு நெருக்கம் உண்டு. மேலிருப்பவர் வாயில் அது இளக்காரமாகிவிடும். நாவலில், மாடு பராமரிக்கும் கிழவியொருத்தியின் மணமாகாத மகளுக்குப் பிறந்த குழந்தையை நிலவுடைமைச் சகோதரிகள் இருவர் வளர்க்கின்றனர். ஒருத்திக்கு அவள் பாதி வளர்ப்புமகள். மற்றவளுக்குப் பாதி வேலைக்காரி. ஆகவே அவள் காத்காவும் ஆகவில்லை, காத்தென்காவும் ஆகவில்லை. நடுவே நின்று கத்யூஷா ஆனாள். இந்த விளக்கத்தைத் தருபவர் டோல்ஸ்டோயே. ஒரு விகுதியில் ஒரு வர்க்கத்தின் தடுமாற்றம் முழுவதும் அடங்கிவிடுகிறது.

அச்சகோதரிகளின் மருமகன் நெஹ்லூதவ் அவளைக் கெடுத்துக் கைவிடுகிறான். பல ஆண்டுகளின் பின் நீதிமன்றில் பெயர் கேட்கப்படும்போது அவள் ‘லியுபோவ்’ என்கிறாள். விபசார விடுதியில் வழங்கிய பெயர் அது, பொருளோ ‘அன்பு’. நீதிபதி வற்புறுத்திய பின்னரே கத்தெரீனா என்ற பெயர் வெளிவருகிறது. தந்தை பெயருக்கும் வழியில்லை. ஞானத்தந்தையின் பெயரால் அவள் மிஹாய்லவ்னா.

சிறையில் அவளைச் சந்திக்கும் நெஹ்லூதவ், ‘நீ’ என்பதா ‘நீங்கள்’ என்பதா எனத் தயங்கி ‘நீங்கள்’ என்கிறான். இந்தத் தயக்கம் தமிழ்க் காதுக்கு நன்கு விளங்கும். ஆயினும் அவனுக்கு அவள் பழைய கத்யூஷாவே. அந்தப் பெயரில் கழிவிரக்கமும் உண்டு. பழைய உரிமையை விடமாட்டாத பிடிவாதமும் உண்டு என்பேன். அரசியற் கைதியான சிமொன்சனோ, அவள்மீதுள்ள தன் விருப்பத்தை நெஹ்லூதவிடம் வெளியிடும்போது, ‘கத்தெரீனா மிஹாய்லவ்னா’ என்று முழு மரியாதையுடன் குறிப்பிடுகிறான். இறுதியில் அவள் சேர்ந்துபோவது சிமொன்சனுடன்தான்.

எல்லா இடங்களிலும் ‘காத்யா’ என்று எழுதிவிட்டால் கதை மிஞ்சும். அவள் ஏறியிறங்கிய படிகள் மிஞ்சா. பெயருடன் ‘கண்ணு’, ‘குட்டி’ என்று ஒட்டுவதும் தீர்வாகாது. அவை காத்தென்காவைத் தரலாம், கத்யூஷாவைத் தரமாட்டா. பெயர்களை அப்படியே விட்டு, நூலின் முகப்பில் ஒரு பக்க விளக்கம் சேர்த்தாற் போதும். வாசகர் சிறிது சிரமப்படட்டும். ஒரு மனுஷியை யார், எப்போது, எப்படி அழைத்தார்கள் என்பதைக் கவனிக்கப் பழகுவது வீண் சிரமமன்று.