காலையில் கடல், மாலையில் கழி

கேரவன் என்றதும் நமக்குக் கோடம்பாக்கம்தான் நினைவுக்கு வரும். கிரேக்கக் கடற்கரையில் அப்படியொரு வண்டியையே வீடாக்கிக்கொண்டு வாரக்கணக்கில் ஊர்ந்து போகிறவர்களைப் பற்றிப் படித்துவிட்டு ஏங்குகிறீர்களா? அடையாறிலிருந்து மரக்காணம் நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர்தான். அதை ஒரு மூச்சில் கடந்து புதுச்சேரி போய்விடுகிறோம். இந்த முறை மூன்று நாள் கொடுங்கள். வாடகை வேன், ஒரு மெத்தை, தண்ணீர் கேன் போதும்.

ஈ.சி.ஆரில் போனால் மதில்களுக்கும் ரிசார்ட் வாசல்களுக்கும் நடுவேதான் கடல் எட்டிப்பார்க்கும். இடப்பக்கம் திரும்பும் சிறு தெருக்களின் முடிவில்தான் அதை முழுதாகப் பார்க்கலாம். வலப்பக்கம் இன்னொரு நீரும் கூடவே வரும். மயிலாப்பூரில் பறக்கும் ரயில் தூண்களுக்கடியில் கறுத்துக் கிடக்கிறதே, அந்தப் பக்கிங்காம் கால்வாய்தான். அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் துண்டை 1877-78 பஞ்ச காலத்தில், பசித்தவர்கள் கூலிக்கு வெட்டினார்கள். பாரதிதாசன் 'மாவலிபுரச் செலவு' எழுதியது இந்தக் கால்வாயில் தோணியேறிப் போன அனுபவத்தைத்தான். மெதுவான பயணம் இந்தக் கரைக்குப் புதிதில்லை.

ரசிக்க ஒரு வழி சொல்கிறேன்: காலையில் கடல், மாலையில் கழி, அதாவது கரைக்கு உட்புறமுள்ள உப்பங்கழி. கிழக்குக் கரையில் சூரியன் கடலிலிருந்து எழும். எட்டு மணிக்கு மேல் கண் கூசும். நடுப்பகலில் சாப்பிட்டுத் தூங்குங்கள். சாயங்காலம் கடலுக்கு முதுகைக் காட்டி உட்காருங்கள். சூரியன் கழிக்குப் பின்னால்தான் இறங்கும்.

முதல் விடியல் பெசன்ட் நகர் ஊரூர் குப்பத்தில். அங்கிருந்து வடக்கே அடையாறு முகத்துவாரம் வரை நடங்கள். 1977இல் இடிந்த பாலம் அங்கேதான் நிற்கிறது. மழைக்குப் பிறகு ஆறு மணல் திட்டை உடைத்துக்கொண்டு அகலமாகக் கடலில் விழும். கோடையில் அதே வாய் மணலால் குறுகிப்போகும். கரையேறும் மீனவர் ஒருவரிடம், "அண்ணே, இன்னைக்கு என்ன காத்து?" என்று கேளுங்கள். வாடையா, கொண்டலா, கச்சானா என்று அவர் சொல்லும் பதிலோடு சேர்த்துப் பார்த்தால் அலையே வேறு மாதிரி தெரியும்.

போகும் வழியில் கடலுக்குள் கல் கொட்டி நீட்டியிருக்கும் இடங்களில் இறங்குங்கள். கல்லுக்குத் தெற்கே மணல் மேடிட்டிருக்கும். வடக்கே கடல் கரையைத் தின்றிருக்கும். ஆண்டில் பெரும்பாலான மாதங்கள் இந்தக் கரையின் மணல் வடக்கு நோக்கி நகர்வதுதான் காரணம். சென்னைத் துறைமுகம் வந்த பிறகு மெரினா அகன்றதும் ராயபுரம் பக்கம் கரை அரித்துப்போனதும் இதே கணக்குதான்.

முட்டுக்காட்டில் ஒரு சாயங்காலம். மாமல்லபுரம் உங்களுக்குத் தெரிந்த ஊர். சாளுவன்குப்பத்தில் மட்டும் நில்லுங்கள். 2004 சுனாமிக்குப் பிறகு மணலுக்கடியிலிருந்து அகழ்ந்தெடுத்த முருகன் கோயிலின் பழைய செங்கல் அடித்தளம் அங்கே இருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தது இடைக்கழிநாடு. ஒருபுறம் கடல், மறுபுறம் கழி. காலையையும் மாலையையும் ஒரே ஊரில் பார்த்துவிடலாம். சிறுபாணாற்றுப்படை பாடிய நத்தத்தனார் இந்த இடைக்கழிநாட்டு நல்லூர்க்காரர். பரிசு பெற்ற பாணன் இன்னொரு பாணனுக்கு வழி சொல்லும் பாட்டு அது. எந்த ஊரில் யார் என்ன சோறு போடுவார்கள் என்பதுவரை சொல்கிறது. எயிற்பட்டினத்தில் சுட்ட மீன். அந்தப் பட்டினம் மரக்காணம் பக்கம் என்பது அறிஞர் பலர் கருத்து. கிரேக்க மொழியில் எழுதப்பட்ட பழைய கடல்வழிக் கையேடான 'பெரிப்ளூஸ்' சொல்லும் சோபட்மா துறைமுகமும் இதுவே என்பார்கள். இடைக்கழிநாட்டு ஆலம்பரைக் கோட்டையின் சிதைந்த செங்கல் சுவரருகே நின்றால் கழி, அதற்கப்பால் மணல் திட்டு, அதற்கும் அப்பால் கடல் என்று மூன்றும் அடுக்காகத் தெரியும்.

இரவில் வண்டியை மணலில் இறக்காதீர்கள். குப்பத்துக் கரை வலை உலர்த்தும் இடம், அவர்களுடைய வேலைக்களம். ஊர்ப் பெரியவர்களைக் கேட்டு, அவர்கள் காட்டும் இடத்தில் நிறுத்துங்கள். ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் முட்டையிட வரும் காலம். கரையில் விளக்கும் டார்ச்சும் வேண்டாம்.

கடைசி நாள் மரக்காணம் உப்பளத்துக்கு வெயில் ஏறுமுன் போங்கள். பாத்தியில் நீர் வற்ற வற்ற ஓரத்தில் வெள்ளை விளிம்பு கட்டி, பிறகு தரையெல்லாம் உப்பு பூக்கும். அதை வாரி வரப்பில் குவிப்பவர்களின் பாதங்களைப் பாருங்கள், உப்பில் வெடித்திருக்கும். சாயங்காலம் பக்கத்திலுள்ள கழுவெளிக்கு வண்டியைத் திருப்புங்கள். 2021இல்தான் அது பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. கடலைத் தேடி வருபவர்கள் பெரும்பாலும் அதைப் பார்க்காமலே புதுச்சேரிக்குப் போய்விடுகிறார்கள்.