பெயரில்லாப் பட்டியல்

1850-ஆம் ஆண்டு அமெரிக்காவிலே குடிக்கணக்கு எடுத்தார்கள். அடிமைகளுக்கென்று தனிப் பட்டியல்! அதிலே ஆண்டானின் பெயர் உண்டு. அதன் கீழே அடிமையின் வயது உண்டு, ஆணா பெண்ணா என்ற குறிப்பு உண்டு, நிறமும் உண்டு. பெயர்? பெரும்பாலும் இல்லை. 1860-லும் அதே நிலைதான். 1865-இல் அடிமை முறை ஒழிந்த பிறகு, 1870-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிலேதான் விடுதலை பெற்ற கறுப்பின மக்கள் பெயரோடு ஏடேறினர். அப்போதும் பலருடைய குடும்பப் பெயர் எது? பழைய ஆண்டானின் பெயர்!

இந்த இருளிலே வழிதேடப் புகுந்தவர் அலெக்ஸ் ஹேலி. பாட்டி சொன்ன கதையில் மூன்று சொற்கள் எஞ்சியிருந்தன. முன்னோனின் பெயர் 'கின்டே', கித்தார் 'கோ', ஆறு 'காம்பி போலாங்கோ'. இவற்றைப் பற்றிக்கொண்டு, ஆப்பிரிக்காவின் காம்பியா வரை சென்று, 1976-இல் அவர் தந்த நூலே 'வேர்கள்'. 'ஏழு தலைமுறைகள்' என்று தமிழுலகம் அறிந்த நூல்.

குழந்தை பிறந்த எட்டாம் நாள். பெயரை ஊருக்கு அறிவிக்குமுன் தந்தை அதன் காதிலே ஓதுகிறான். தான் யார் என்பதை முதலில் அறிய வேண்டியவன் அந்தக் குழந்தையே அன்றோ! அந்தக் குண்டா கின்டே விலங்கிடப்பட்டுக் கடல் கடந்து, 'டோபி' என்றழைக்கப்பட்டு அடிமைப்பட்ட பின்னும், தன் மகளைத் தூக்கிச் சென்று அவள் காதிலே அவள் பெயரை ஓதுகிறானே, அந்தப் பக்கத்தை மறக்க நம்மால் இயலவில்லை. கப்பலின் அடித்தளக் காட்சியும் அத்தகையதே. குண்டா மறைந்த பின் நூல் ஓட்டமெடுக்கிறது. பேரர்கள் பெயர்களாகவே கடந்து போகின்றனர்.

1929-இல் செங்கற்பட்டு மாநாட்டிலே சாதிப் பட்டங்களைத் துறக்கத் தீர்மானித்த இயக்கத்தவர் நாம். ஆண்டான் இட்ட பெயரென்று 'லிட்டில்' என்பதை எறிந்து 'எக்ஸ்' என்று நின்ற மால்கமின் தன்வரலாற்றை, அவரோடிருந்து எழுதி உருவாக்கியவரும் இதே ஹேலிதான். ஆகவே ஹேலி நம்மவர். நம்மவர் என்பதாலேயே கேள்வி கேட்காமல் விடலாமா?

'லார்டு லிகோனியர்' என்ற கப்பல் 1767-இல் அன்னாபொலிஸ் துறைக்கு வந்தது. அதிலே வந்தவன் குண்டா. 1768-ஆம் ஆண்டுப் பத்திரத்தில் வாலர் குடும்பத்தின் உடைமையாகக் காணப்படும் டோபி அவனே என்றார் ஹேலி. கேரி மில்ஸ், எலிசபெத் மில்ஸ் என்ற ஆய்வாளர் இருவர் அதே குடும்பத்தின் ஏடுகளைப் புரட்டி, 1981-இல் எழுதினர்: அந்த டோபி 1762-லேயே வர்ஜீனியாவில் இருந்தவன்! மகள் பிறந்ததாக நூல் கூறும் காலத்துக்குப் பல ஆண்டு முன்பே இறந்தும் போனவன்! காம்பியாவில் குலக்கதை சொன்ன முதியவர் முறையாகப் பயின்ற கதைசொல்லி அல்லர் என்று 1977-லேயே செய்தியாளர் ஒருவர் எழுதிவிட்டார். போதாக்குறைக்கு, ஹெரால்டு கூர்லாண்டரின் நாவலிலிருந்து பகுதிகளை எடுத்தாண்டதாக வழக்கு. 1978-இல் 6,50,000 டாலர் கொடுத்துத் தீர்த்துக்கொண்டார்.

"ஆண்டான் எழுதிய ஏட்டை நம்பி அடிமையின் வாய்மொழியைத் தள்ளுவதா?" என்று தோழர்கள் சீறலாம். நியாயமான சீற்றம். ஆனால் அந்த ஏட்டைச் சாட்சிக் கூண்டில் ஏற்றியவரே ஹேலிதான். தமக்கு ஒத்துவரும் வரை சாட்சி, ஒவ்வாதபோது பகை என்றால், தலபுராணக்காரரை நாம் எந்த முகத்தோடு மடக்குவது? பாட்டியின் மூன்று சொற்களை மூன்று சொற்களாகவே வைத்து, "இதற்கப்பால் ஏடில்லை; இல்லாமற் செய்தவன் ஆண்டான்" என்று அவர் எழுதியிருந்தால், குற்றச்சாட்டு இன்னும் கடுமையாக இருந்திருக்கும். அதை விட்டு, ஏழு தலைமுறைக்கும் இடைவெளியே இல்லாத வம்சாவளி தந்தார். கொள்ளைபோன வீட்டிலே ஒன்றுமே குறையவில்லை என்பது போல!

நூலைப் படியுங்கள், இளைஞர் கையில் கொடுங்கள். படிப்பகத்திலே வைக்கும்போது மட்டும், வரலாற்று வரிசையிலிருந்து எடுத்து நாவல் வரிசையிலே வையுங்கள்.